ஓட்டானியும் நம்ம சேப்பாக்கத்து ராம்சிங்கும்

1934 நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை. இடம் சேப்பாக்கம். மெட்ராஸுக்கும் மைசூருக்கும் ஆட்டம். ரஞ்சி கோப்பைன்னு இன்னிக்கு நாம சொல்ற போட்டியோட முதல் ஆட்டம் அதுதான். முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே.கோபாலன். மைசூர் 48 ரன்னுக்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. திரும்ப ஆட வந்த மைசூர் 59. ஒரு இன்னிங்ஸ், 23 ரன் வித்தியாசத்தில் மெட்ராஸ் ஜெயிச்சாச்சு. பல நாள் நடக்க வேண்டிய ஆட்டம், அன்னிக்கு ஒரே நாளில் முடிஞ்சு போச்சு.

விழுந்த 20 மைசூர் விக்கெட்டில் 11 ஒரே ஆளோட கணக்கு. முதல் இன்னிங்ஸில் 19 ரன் கொடுத்து 6, ரெண்டாவதில் 16 ரன் கொடுத்து 5. மொத்தம் 35 ரன்னுக்கு 11 விக்கெட். பந்து போட்டவர் ஏ.ஜி.ராம்சிங். இடதுகைச் சுழல். பேட்டிங்கும் இடதுகைதான். பின்னாளில் ரஞ்சி கோப்பையில் 1,000 ரன், 100 விக்கெட் ரெண்டையும் முதல் ஆளா எட்டினவரும் இவரே.

இவர் இந்தியாவுக்காக அதிகாரபூர்வமான ஒரு டெஸ்ட் மேட்ச் கூட ஆடவில்லை.

இந்தக் கட்டுரை ராம்சிங்கைப் பற்றியது. ஆனா நான் அவர்கிட்ட போய்ச் சேர்ந்தது ஜப்பான் வழியா. கொமரலிங்கத்தில் இருந்தபடியே ஒரு ஜப்பான் கிளையன்ட்டுக்கு வேலை பார்க்கிறேன். அக்டோபர் மாசம் வந்தா காலை மீட்டிங்கில் முதல் அஞ்சு நிமிஷம் பேஸ்பால்தான். "ஓட்டானி மாதிரி கிரிக்கெட்டில் யாராவது உண்டா?"ன்னு அந்தப் பக்கத்து இன்ஜினியர் ஒருத்தர் கேட்டார். உண்டு, நிறைய உண்டு, ஆல்ரவுண்டர்னு பெயர்னு சொல்லிட்டேன். அந்தப் பதில் சரிதான், ஆனா பாதிதான். மீதியைத் தேடிப் போனதில் எழுதி வைத்த குறிப்புகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஓட்டானி செய்தது என்ன?

பேஸ்பால் பழக்கமில்லாத நண்பர்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். அதில் பந்து எறிபவர் பிட்ச்சர், மட்டையால் அடிப்பவர் ஹிட்டர். தொழில்முறை பேஸ்பாலில் இது ரெண்டும் தனித்தனி உத்தியோகம். அமெரிக்க லீக், 1973லேயே பிட்ச்சருக்குப் பதிலா அடிக்க மட்டும் ஒரு ஆள் வரலாம்னு விதி போட்டது. அவருக்கு டெசிக்னேட்டட் ஹிட்டர்னு பெயர். 2022 முதல் நேஷனல் லீக்கிலும் அதே விதி. அதாவது பிட்ச்சர் மட்டையைத் தொடவே வேண்டாம்.

ஷோஹெய் ஓட்டானி 1994இல் இவாத்தே மாகாணத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடிச்சதும் நேரா அமெரிக்கா போறதா இருந்தார். ஹொக்கைடோ நிப்பான்ஹாம் ஃபைட்டர்ஸ் அணி 2012 டிராஃப்டில் அவரைத் தேர்ந்தெடுத்து, "நீ எறியவும் செய்யலாம், அடிக்கவும் செய்யலாம்"னு ஒரு திட்டத்தோடு பேசிச் சம்மதிக்க வைத்தது. மேனேஜர் ஹிடெக்கி குரியாமா அந்தப் பேச்சைக் காப்பாத்தினார். 2016இல் ஓட்டானி 10 ஆட்டங்களை பிட்ச்சரா ஜெயிச்சுக் கொடுத்து, 22 ஹோம் ரன்னும் அடிச்சு, பசிபிக் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அணிக்கும் கோப்பை.

2018இல் அமெரிக்காவில் ஏஞ்சல்ஸ் அணி. அந்த வருஷமே சிறந்த புதுமுகம். முழங்கையில் அறுவை சிகிச்சை. 2021இல் 46 ஹோம் ரன், பிட்ச்சரா 9 வெற்றி, ஒருமனதா சிறந்த ஆட்டக்காரர் விருது. 2022இல் 34 ஹோம் ரன், 15 வெற்றி, 219 ஸ்ட்ரைக்அவுட். ஒரே சீசனில் அடிப்பவர் பட்டியல், எறிபவர் பட்டியல் ரெண்டுக்கும் தேவையான குறைந்தபட்ச அளவைத் தாண்டியவர், நவீன காலத்தில் அவர் ஒருத்தர்தான். 2023இல் உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவின் மைக் ட்ரவுட்டை வீழ்த்தி ஜப்பானுக்குக் கோப்பை. பிறகு மறுபடியும் முழங்கை அறுவை. அதனால் 2024இல் எறியவே முடியலை. அந்த வருஷம் அடிச்சே 54 ஹோம் ரன், ஓடியே 59 பேஸ் திருட்டு. 50-50ஐ யாரும் அதுக்கு முன்னாடி தொட்டதில்லை. 2025 அக்டோபர் 17 அன்னிக்கு டாட்ஜர்ஸ் அணிக்காக ஒரே ஆட்டத்தில் 3 ஹோம் ரன், 10 ஸ்ட்ரைக்அவுட். அந்த வருஷ முடிவில் நாலாவது தடவையா சிறந்த ஆட்டக்காரர்.

இந்த எண்களையெல்லாம் விட எனக்கு முக்கியமா படுறது வேற விஷயம். 2022இல் மேஜர் லீக் ஒரு விதியை மாற்றினது. பிட்ச்சராவே ஆரம்பிச்சு டெசிக்னேட்டட் ஹிட்டராவும் இருக்கிற ஆள், பந்து எறிவதை நிறுத்தின பிறகும் தொடர்ந்து அடிக்கலாம். எல்லாரும் அதை "ஓட்டானி விதி"ன்னுதான் சொல்றாங்க. திறமைக்கேத்த மாதிரி அமைப்பு வளைஞ்சு கொடுத்திருக்கு.

அவருக்கு முன்னாடி பேப் ரூத். 1918இல் 13 வெற்றி, 11 ஹோம் ரன். அடுத்த வருஷம் 29 ஹோம் ரன். 1920இல் யாங்கீஸுக்கு வந்த பிறகு அவர் பந்து எறிஞ்சது மொத்தமே 5 ஆட்டம். அடிச்சா கூட்டம் வருது, எறிஞ்சா கை தேயுது. கணக்குப் பார்த்து ஒண்ணை விட்டாங்க. அப்புறம் நூறு வருஷம் "ரெண்டில் ஒண்ணு எடு"ங்கிறதே சட்டமா இருந்தது.

கிரிக்கெட்டில் மட்டும் எப்படி?

கிரிக்கெட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. பதினொரு பேரில் எல்லாரும் மட்டை பிடிச்சே ஆகணும். எங்க ஊர்ப்பக்கம் நெல் அறுத்த வயலில் ஆடினவங்களுக்கு இது தனியா சொல்லணும்னு இல்லை. இருக்கிறது ஒரே பேட், ஒரே பந்து. எல்லாரும் போடணும், எல்லாரும் அடிக்கணும். ஆள் ஒத்தைப்படையா வந்துட்டா ஒருத்தர் காமன், அவர் ரெண்டு பக்கமும் ஆடுவார். அந்த வயசில் எல்லாரும் ஆல்ரவுண்டர்தான்.

மேல போகப் போகத்தான் பிரியும். டெஸ்ட் அளவில் ரெண்டிலும் நிஜமா நிக்கிறவங்க ரொம்பக் கம்மி. இதை அளக்க ஒரு எளிய வழி இருக்கு. பேட்டிங் சராசரியில் இருந்து பவுலிங் சராசரியைக் கழிக்கணும். விடை பூஜ்ஜியத்துக்கு மேல இருந்தாலே நல்ல ஆல்ரவுண்டர்னு எடுத்துக்கலாம். டெஸ்டில் கபில்தேவ் 31.05 கழித்தல் 29.64, அதாவது 1.4. போத்தம் 33.54 கழித்தல் 28.40, சுமார் 5. சோபர்ஸ் 57.78 கழித்தல் 34.03, கிட்டத்தட்ட 24. சோபர்ஸ் தனி ஜாதி, அதை விட்டுடுவோம்.

ராம்சிங்குக்கு டெஸ்ட் எண்ணே கிடையாது. முதல் தர ஆட்டங்களை எடுத்துக்கிட்டா, சுமார் 15 சீசனில் 50க்குச் சற்று மேற்பட்ட ஆட்டம். 3,300 ரன் பக்கம், 260க்கு மேல விக்கெட். பேட்டிங் சராசரி 35ஐ ஒட்டி, பவுலிங் சராசரி 18க்கும் 19க்கும் இடையில். கழிச்சுப் பார்த்தா 16 வருது. முதல் தர ஆட்டத்தையும் டெஸ்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாதுதான். அந்தக் காலத்து ஆடுகளங்கள் மழைக்கும் வெயிலுக்கும் திறந்து கிடந்தவை, பவுலர்களுக்குச் சாதகம். ஆனா அதே ஆடுகளத்தில்தான் அவர் 35 சராசரி வைத்துப் பேட்டிங்கும் பண்ணியிருக்கார். பவுலிங் எண்ணுக்குத் தள்ளுபடி கொடுத்தா, பேட்டிங் எண்ணுக்குக் கூடுதல் மதிப்பு கொடுத்தாகணும். ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி.

இனிஷியலில் இருக்கும் ஊர்

ஏ.ஜி.ங்கிறது அம்ரித்சர் கோவிந்த்சிங். ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் முன்னெழுத்தா நிக்குது. நம்ம தாத்தாக்கள் பெயர் வைக்கிற முறை அப்படியே. பஞ்சாப் பூர்வீகமுள்ள சீக்கியக் குடும்பம், மெட்ராஸுக்கு வந்து, தமிழ்நாட்டு இனிஷியலோடு ஊன்றிடுச்சு. ராம்சிங் 1910இல் மெட்ராஸில் பிறந்தார், 1999இல் சென்னையிலேயே காலமானார். அவர் மகன்கள் கிருபால்சிங், மில்கா சிங் ரெண்டு பேரும் அதே ஏ.ஜி.யைப் போட்டுக்கிட்டாங்க. பேரன்களுக்குத் தாத்தா ஊர் இனிஷியலா போனதைப் பார்க்கிறப்போ, ஒரு குடும்பம் ஒரு ஊருக்குச் சொந்தமாகிறது எப்படின்னு புரியுது.

1930களின் மெட்ராஸ் கிரிக்கெட்டில் பொங்கல் நேரத்தில் சேப்பாக்கத்தில் நடக்கும் பிரசிடென்சி மேட்ச்தான் பெரிய திருவிழா. வெள்ளைக்காரர் அணி ஒரு பக்கம், இந்தியர் அணி ஒரு பக்கம். அந்தச் சூழலில் வளர்ந்த தலைமுறை ராம்சிங்குடையது. அதிகாரபூர்வமற்ற டெஸ்ட் ஆட்டங்களில் இந்தியாவுக்காக ஆடினார். "அதிகாரபூர்வமற்ற"ங்கிற அந்த ஒரு சொல்லில்தான் அவர் வாழ்க்கைக் கணக்கு மாட்டிக்கிட்டது.

பத்தே டெஸ்ட்

நான் போட்ட கணக்கு இது. யார் வேணும்னாலும் சரிபார்க்கலாம்.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடினது 1932இல், லார்ட்ஸில். ஒண்ணே ஒண்ணு. 1933-34இல் இங்கிலாந்து இங்கே வந்தப்போ மூணு: பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ். 1936இல் இங்கிலாந்தில் மூணு. அதுக்கப்புறம் 1946 வரைக்கும் பூஜ்ஜியம். முழுசா பத்து வருஷம், ஒரு டெஸ்ட் கூட இல்லை. நடுவில் உலகப் போர். 1946இல் இங்கிலாந்தில் மூணு. ஆக 1932 முதல் 1946 வரை பத்தே டெஸ்ட். அதில் சொந்த நாட்டில் நடந்தது மூணு மட்டும்.

ராம்சிங்குக்கு 1936இல் வயசு 26. 1946இல் 36. ஒரு சுழல் பந்து ஆல்ரவுண்டரோட நல்ல வயசு எதுன்னு யாரைக் கேட்டாலும் இந்தப் பத்து வருஷத்தைத்தான் சொல்வாங்க. அந்தப் பத்து வருஷம் இந்தியாவுக்கு டெஸ்டே இல்லை. 1936 பயணத்துக்கான அணியில் அவர் பெயர் இல்லாததோட கதவு மூடிடுச்சு.

அந்த 1936 பயணம் எப்படி நடந்ததுன்னு கிரிக்கெட் வரலாறு படிச்சவங்களுக்குத் தெரியும். கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார், சுருக்கமா விஸ்ஸி. ஆட்டத் திறமையைவிட அரண்மனைச் செல்வாக்கு பேசின காலம். ஆல்ரவுண்டரான லாலா அமர்நாத்தை பாதிப் பயணத்தில் ஊருக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டு வேலையும் தெரிஞ்ச ஒருத்தரைக் கப்பல் ஏத்தி அனுப்பின அணி, ரெண்டு வேலையும் தெரிஞ்ச இன்னொருத்தரைக் கப்பலில் ஏத்தவே இல்லை.

அதே வருஷம், இன்னொரு மெட்ராஸ்காரர்

ரஞ்சியில் முதல் பந்து போட்ட கோபாலனுக்கு வருவோம். செங்கல்பட்டு மாவட்டம் மொறப்பாக்கத்தில் 1909இல் பிறந்தவர். வேகப்பந்து வீச்சாளர். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஒரு டெஸ்ட் ஆடினார். ஹாக்கியிலும் இந்திய அணிக்கு ஆடினவர். 1935இல் தியான்சந்தோட நியூசிலாந்து போன அணியில் இருந்தார்.

1936இல் அவருக்கு முன்னாடி ரெண்டு கப்பல். ஒண்ணு பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போற ஹாக்கி அணியோடது, இன்னொண்ணு இங்கிலாந்து போற கிரிக்கெட் அணியோடது. ஒண்ணைத்தான் எடுக்கலாம். கிரிக்கெட்டை எடுத்தார்.

1936 ஆகஸ்ட் 15ஆம் தேதியைப் பாருங்க. பெர்லினில் ஹாக்கி இறுதி ஆட்டம். இந்தியா ஜெர்மனியை 8-1 என்று அடிச்சுத் தங்கம் வாங்கினது. அதே நாள் லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவின் மூணாவது டெஸ்ட் தொடங்கினது. ஆடும் பதினொருவரில் கோபாலன் இல்லை. அந்தப் பயணம் முழுக்க ஒரு டெஸ்டிலும் அவரைச் சேர்க்கலை. ஒலிம்பிக் தங்கத்தை விட்டுட்டுப் போனவர் பெவிலியனில் உட்கார்ந்திருந்தார்.

அன்னிக்கு ஓவலில் ஆடின பதினொருவரில் மெட்ராஸ்காரர் சி.ராமசாமி இருந்தார். புச்சிபாபு நாயுடுவோட மகன், தாய்வழிக் குடும்பத்துக்குத் தத்துப் போனதால் கோட்டா ராமசாமி. அவரும் ரெட்டை ஆள்தான். 1922இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு டென்னிஸ் ஆடினவர். கிரிக்கெட்டில் முதல் டெஸ்ட் ஆடறப்போ வயசு 40. மான்செஸ்டரில் 40, 60. ஓவலில் 29, ஆட்டமிழக்காமல் 41. ரெண்டு டெஸ்ட், 170 ரன், சராசரி 56.67. அதோட சரி.

ராமசாமிக்கு ரெண்டும் வாய்ச்சது, ஏன்னா அவருடைய டென்னிஸும் கிரிக்கெட்டும் வேற வேற வருஷத்தில் வந்தது. கோபாலனுக்கு ஒரே வருஷத்தில் வந்தது, அதனால் ஒண்ணு போச்சு. ராம்சிங்குக்கு ஒரே ஆட்டத்துக்குள்ள ரெண்டு வேலை, ஆனா அந்த ஆட்டமே அவருக்கு வரலை. மூணு பேரும் ஒரே மைதானத்தில் வளர்ந்தவங்க. அவங்களுக்குள்ள இருந்த வித்தியாசம் காலண்டரும் கமிட்டியும்தான்.

மன்கட்: கதவு திறந்தப்போ உள்ளே போனவர்

ராம்சிங்கை மாதிரியே இடதுகைச் சுழல் போட்ட இன்னொரு ஆல்ரவுண்டர் வினு மன்கட், ஜாம்நகர்க்காரர். ராம்சிங்கைவிட ஏழு வயசு சின்னவர். அந்த ஏழு வயசு எவ்வளவு மாற்றியிருக்கு பாருங்க. 1946இல் முதல் டெஸ்ட் ஆடறப்போ அவருக்கு 29. அந்த இங்கிலாந்துப் பயணத்தில் 1,000 ரன்னுக்கு மேல, 100 விக்கெட்டுக்கு மேல. வேற எந்த இந்தியரும் ஒரு இங்கிலாந்துப் பயணத்தில் அதைச் செய்ததில்லை. டெஸ்டில் 1,000 ரன், 100 விக்கெட்டை 23 ஆட்டத்தில் எட்டினார். போத்தம் 21இல் எட்டும் வரை அதுதான் உலக சாதனை.

நம்ம சேப்பாக்கத்துக்கும் அவருக்கும் பெரிய தொடர்பு. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது சேப்பாக்கத்தில்தான். மன்கட் 55க்கு 8, 53க்கு 4. நாலு வருஷம் கழிச்சு, 1956 ஜனவரியில், இதே மெட்ராஸில் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்துக்கு எதிரா 231. பங்கஜ் ராயோட சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன். அந்தச் சாதனை 2008 வரைக்கும் நின்னது. ஒரே ஊரில் பந்தாலும் வரலாறு, மட்டையாலும் வரலாறு.

அவருக்கும் அமைப்பு முட்டுக்கட்டை போடாம இல்லை. 1952 இங்கிலாந்துப் பயணத்துக்கு முன்னாடி, அணியில் இடம் உறுதியான்னு கேட்டார். உறுதி தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. லங்காஷயர் லீக்கில் ஹாஸ்லிங்டன் கிளப்போட ஒப்பந்தம் போட்டுக்கிட்டுப் போயிட்டார். முதல் டெஸ்டில் லீட்ஸில் ஒரு ரன்கூட எடுக்காமலே நாலு விக்கெட் போச்சு. உடனே ஓடிப்போய் அந்த கிளப்பைக் கெஞ்சி மன்கட்டைக் கூட்டி வந்தாங்க. லார்ட்ஸில் அவர் 72, அப்புறம் 73 ஓவர் போட்டு 5 விக்கெட், அப்புறம் 184, மறுபடியும் 24 ஓவர். இந்தியா தோற்றது. ஆனா அந்த ஆட்டத்தை இன்னிக்கும் மன்கட் டெஸ்ட்னுதான் சொல்றாங்க.

அஷ்வின்: ஓப்பனரா தொடங்கினவர்

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். ரவிச்சந்திரன் அஷ்வின், 1986இல் சென்னையில் பிறந்தவர். எஸ்.எஸ்.என். காலேஜில் ஐ.டி. படிச்சவர். அந்த வகையில் எங்க ஜாதிக்காரர்! சின்ன வயசில் அவர் ஓப்பனிங் பேட்ஸ்மேன். சுழல் பின்னாடி வந்தது.

106 டெஸ்ட், 537 விக்கெட், 37 தடவை ஒரு இன்னிங்ஸில் 5 விக்கெட். இது எல்லாருக்கும் தெரியும். 3,503 ரன், 6 சதம். இது சிலருக்கு ஞாபகம் வரும். ஒரே டெஸ்டில் சதமும் 5 விக்கெட்டும் நாலு தடவை எடுத்திருக்கார். போத்தம் மட்டும்தான் அதுக்கு மேல, அஞ்சு தடவை. அந்த நாலில் ரெண்டு சேப்பாக்கத்தில். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரா 43க்கு 5, பிறகு 106. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிரா 113, பிறகு 88க்கு 6. அப்போ வயசு 38.

இவ்வளவு பண்ணியும் அவரைப் பவுலர்னுதான் சொல்றோம். முன்னாடி சொன்ன கழித்தல் கணக்கில் அஷ்வினுக்கு 25.75 கழித்தல் 24.00, அதாவது 1.75. கபிலைவிட ஒரு நூல் கூட. ஆனா கபில் ஆல்ரவுண்டர், அஷ்வின் பவுலர். ஒருத்தரோட ஒரு கை ரொம்பப் பெரிசா இருந்தா, இன்னொரு கை நிழலில் போயிடுது. 8ஆம் இடத்தில் வந்து அடிக்கிற சதத்தை உபரி வருமானமாத்தான் எழுதுறாங்க.

பனியன் கம்பெனி தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். ஓவர்லாக்கும் ஓட்டுவார், பேட்லாக்கும் ஓட்டுவார்னா கம்பெனிக்கு லாபம். ஆள் வராத அன்னிக்கு அவரை எங்கே வேணும்னாலும் உட்கார வைக்கலாம். ஆனா சம்பளம் ஒரு மெஷினுக்குத்தான். பதிவேட்டிலும் ஒரு மெஷின் பெயர்தான்.

எண்ணுவது யார்?

அமெரிக்காவில் பேப் ரூத்துக்கும் ஓட்டானிக்கும் நடுவில் நூறு வருஷம் ஆள் இல்லைன்னு சொல்வது வழக்கம். அது முழு உண்மை இல்லை. 1920களில் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் அணிக்கு புல்லட் ரோகன்னு ஒருத்தர் ஆடினார். எறியறதிலும் முன்னணி, அடிக்கறதிலும் முன்னணி. கறுப்பினத்தவர் என்பதால் மேஜர் லீக்கில் இடமில்லை. நீக்ரோ லீக்னு தனியா நடந்த போட்டியில் ஆடினார். 1967இல் இறந்தார். 1998இல்தான் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தாங்க. 2020இல் அந்த லீக்குகளும் மேஜர் லீக் தரம்தான்னு அறிவிச்சு, 2024இல் அந்த எண்களைப் பொதுப் பதிவேட்டோடு சேர்த்தாங்க. ரோகன் புதுசா ஒரு பந்தும் எறியலை. எண்ணுகிற முறை மாறினது, அவர் உள்ளே வந்துட்டார்.

இதை ராம்சிங்குக்கு அப்படியே பொருத்த முடியாது. அவரை யாரும் நிறத்துக்காக ஒதுக்கலை. அவருடைய ரஞ்சி எண்களும் முதல் தரப் பதிவேட்டில் பத்திரமா இருக்கு. ஆனா நாம ஒருத்தரை நினைவு வைக்கிறது டெஸ்ட் தொப்பியை வைத்துத்தான். தொப்பி இல்லாதவங்களுக்குப் புத்தகத்தில் அடிக்குறிப்புதான் மிச்சம். பத்தே டெஸ்ட் நடந்த ஒரு காலத்தை, டெஸ்ட் தொப்பியால் அளப்பது என்ன நியாயம்? 1930களின் இந்திய ஆட்டக்காரருக்குச் சரியான அளவுகோல் ரஞ்சியும், வந்து போன வெளிநாட்டு அணிகளும்தான்.

அவருக்குக் கிடைக்காதது அடுத்த தலைமுறைக்குக் கிடைத்தது. கிருபால்சிங் 1955இல் ஹைதராபாதில் நியூசிலாந்துக்கு எதிரா, முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் சதம் அடிச்சார். அவரும் ரெண்டும் செய்தவர், ஆஃப் ஸ்பின் போடுவார். 1954-55இல் மெட்ராஸ் முதல்முறையா ரஞ்சி கோப்பையை ஜெயிச்சப்போ, ஹோல்கருக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் அவர் 75, 91 அடிச்சு 7 விக்கெட்டும் எடுத்தார். முதல் ரஞ்சி ஆட்டத்தில் அப்பா, முதல் ரஞ்சி கோப்பையில் மகன். 1961இல் பம்பாயில் கிருபாலும் மில்காவும் ஒரே டெஸ்டில் ஆடினாங்க. கிருபாலின் மகன் அர்ஜன் கிருபால்சிங் 1988-89இல் கோவாவுக்கு எதிரா ஆட்டமிழக்காமல் 302. ராம்சிங் ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சியாளரா மெட்ராஸ் பசங்களை வளர்த்தார். அது எந்தப் பதிவேட்டிலும் ரன்னா ஏறாது.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

ஏன்னா எதிர்த்திசையில் ஒரு காத்து அடிக்குது. பேஸ்பால் ஒரு ஆளுக்காக விதியைத் தளர்த்தின அதே நேரத்தில், கிரிக்கெட் பேஸ்பாலின் 1973க்குப் போய்க்கிட்டு இருக்கு. ஐ.பி.எல்.லில் 2023 முதல் இம்பாக்ட் பிளேயர். பேட்டிங் பண்ணிட்டு ஒருத்தர் வெளியே போவார், பவுலர் உள்ளே வருவார். ரெண்டு வேலையும் ஓரளவு தெரிஞ்சவரைவிட, ஒரு வேலை நல்லா தெரிஞ்ச ரெண்டு பேர் போதும். இது ஆல்ரவுண்டர்கள் வளர்வதைத் தடுக்குதுன்னு ரோஹித் சர்மாவே வெளிப்படையா சொல்லியிருக்கார்.

மேல நடக்கிறது கீழே சீக்கிரம் வந்துடுது. என் அக்கா பையன் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்ந்தான், வயசு 12. சேரும் படிவத்திலேயே பேட்ஸ்மேனா, பவுலரான்னு ஒரு கட்டம். ரெண்டும்னு எழுதினான். "தம்பி, ஒண்ணை டிக் பண்ணுப்பா, அப்பத்தான் பேட்ச் போட முடியும்"னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. அவங்க கஷ்டமும் புரியுது, வலை ரெண்டே ரெண்டுதான் இருக்கு. ஆனா ஓட்டானியை 18 வயசில் ரெண்டும் செய்யவிட்ட ஒரு அணி இருந்ததால்தான் இன்னிக்கு உலகம் அவரைப் பார்க்குது. நம்ம பையனை 12 வயசில் கேட்கிறோம்.

எல்லாரும் ராம்சிங் ஆக முடியாது. முக்கால்வாசிப் பசங்களுக்கு ஒரு கை தானா பின்தங்கிடும். அது தானா நடக்கட்டும், படிவம் நடத்த வேண்டாம். என் வாதம் அவ்வளவுதான்.

கடைசியா ஒரு வேண்டுகோள். கோவை, திருப்பூர், உடுமலை, பழனி வட்டாரத்தில் பழைய கிளப், மில் அணி, பள்ளிக்கூட அணிகளின் ஸ்கோர் புக் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தா, தயவு பண்ணி எடைக்குப் போடாதீங்க. போட்டோ எடுத்து அனுப்புங்க, நான் தட்டச்சு பண்ணி ஏத்தறேன். ராம்சிங்கின் 35க்கு 11 இன்னிக்கும் நமக்குத் தெரியுதுன்னா, 1934இல் யாரோ ஒருத்தர் சேப்பாக்கத்தில் உட்கார்ந்து பந்து பந்தா குறிச்சு வைத்ததால்தான்.